லேமினேஷனுக்குள் போன ஆட்டக்காரர்கள்

என் மகளை நான் ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறேன். என் பிறந்த நாளன்று, அவள் எனக்கு ஒரு பரிசு கொடுத்த நிமிடத்தில்.

அவளுக்கு அப்போது பதினேழு வயது. இன்னும் ஒரு வாரத்தில் சித்தூரில் கல்லூரி விடுதிக்குப் போகவிருந்தாள். எனக்கு நாற்பத்து நான்கு முடிந்திருந்தது. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வலி தாங்காத நோயாளிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஒருவர் சாப்பாட்டுத் தட்டையே முகத்துக்கு நேராக வீசியிருக்கிறார். அப்போதெல்லாம் கோபம் வந்தாலும் கை எழுந்ததில்லை. வீட்டில் எழுந்தது. எப்படி எழுந்தது என்று சொல்வதற்கு முதலில் கிரிக்கெட் அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திராவில், குடுபல்லிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனா கல் குவாரிக்குப் போவார், அம்மா தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போவாள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பள்ளி வாசலில் இருந்த பங்க் கடையில் ஒரு பபிள்கம் விற்றார்கள். அதன் உறைக்குள் விரல் நீளத்துக்கு ஓர் அட்டை இருக்கும். முன்பக்கம் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் அவர் எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். பையன்கள் அதை வைத்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கு ஓர் அட்டையை எண்கள் தன் பக்கம் இருக்கப் பிடித்துக்கொண்டு, ஒருவன் "ரன்" என்பான். இருவரும் படிப்பார்கள். பெரிய எண் வைத்திருப்பவனுக்கு இரண்டு அட்டையும் சொந்தம்.

எனக்கு பபிள்கம் வாங்கித் தர ஆளில்லை. ஆனால் கணக்கு வரும். பையன்களுக்கு வீட்டுப்பாடம் போட்டுக் கொடுத்து, அவர்களிடம் இரட்டையாக இருந்த அட்டைகளை வாங்கிக்கொள்வேன். ஒரு பாடத்துக்கு ஓர் அட்டை. நாலைந்து மாதத்தில் எல்லா அட்டைகளின் பின்பக்கமும் எனக்கு மனப்பாடம். எதிராளியின் கையில் யார் படம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எதைக் கேட்டால் அவன் தோற்பான் என்று எனக்குத் தெரியும். ஒரே வாரத்தில் இருபது அட்டை ஜெயித்தேன். அடுத்த வாரம் யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "பொட்டச்சிக்கு இன்னாடா கிரிக்கெட்டு" என்றார்கள். சேர்க்காவிட்டால் போகட்டும் என்று வீட்டுப்பாடத்தை மட்டும் தொடர்ந்தேன். என் இங்கிலீஷ் எழுத்துகள் அட்டைகளின் பின்பக்கத்தில்தான் பழகின.

பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். அதற்குள் நூற்றுப் பத்து அட்டைகள் சேர்ந்திருந்தன. ஒரு துணிப்பையில் போட்டு என் பாய்க்கு அடியில் வைத்திருப்பேன். மஞ்சள் தண்ணி ஊற்றுகிற அன்று காலை, வீட்டைப் பெருக்க வந்த அம்மா பாயைச் சுருட்டினாள். பையை எடுத்துத் திறந்து பார்த்தாள்.

"இன்னாமே இது? அல்லாம் ஆம்பளைங்க போட்டோ!"

"கிரிக்கெட்மா. வெளாடுறவங்க."

"வெளாடுறவன் ஆம்பள இல்லியா? வயசுக்கு வந்த பொண்ணு தலமாட்டுல இத்தினி ஆம்பளைங்கள வெச்சிக்கினு தூங்குறான்னு ஊர்ல ஒருத்தி பாத்தா போதும். நம்ம மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

நான் பையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு வெளியே போனாள். என்னைக் குளிப்பாட்டுவதற்காக அங்கே மூன்று கல் வைத்து வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. பையை அப்படியே அடுப்பில் தள்ளினாள். அட்டைகள் சடசடவென்று சுருண்டு எரிந்தன. பபிள்கம்மின் இனிப்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. நைனா வாசலில் நின்று பார்த்தார். "உடு, போவட்டும்" என்றார். அம்மாவிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. அந்தத் தண்ணீரில்தான் என்னைக் குளிப்பாட்டினார்கள்.

ஓர் அட்டை மட்டும் தப்பியது. கணக்கு நோட்டுக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தது. இடது கையால் சுழற்பந்து வீசுகிற ஒருவர், கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிப்பார். அவர் பெரிய ஆட்டக்காரர்கூட இல்லை. அவரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

அப்புறம் அது நிற்கவே இல்லை. சித்தூரில் நர்ஸிங் படித்தபோது பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகளில் அட்டை வரும். விடுதித் தோழிகள் தின்றுவிட்டு எனக்கு எடுத்து வைப்பார்கள். வேலைக்கு வந்த பிறகு ஸ்டேஷனரி கடைகளில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கினேன். பழைய பேப்பர் கடைகளில் தேடினேன். ஓர் அட்டை கைக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதுவேன், எந்த ஊரில், யாரிடமிருந்து, எப்படி வந்தது என்று. மற்றவர்கள் அணி வாரியாக அடுக்குவார்கள். நான் வந்த வரிசைப்படி அடுக்குவேன். எனக்கு அது ஆட்டக்காரர்களின் வரிசை இல்லை, என் நாட்களின் வரிசை.

என் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கல்யாணமான புதிதில் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "இன்னா இது, சின்னப் புள்ளயாட்டம்" என்று சிரித்தார். அதோடு சரி. தடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நானும் யாருக்கும் காட்டவில்லை. அட்டை சேர்ப்பவர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் என் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் போட்டுச் சேர்ந்தேன். இரண்டு வருடம் எல்லோரும் என்னை "அண்ணா" என்றார்கள். நானும் திருத்தவில்லை.

மகளுக்கும் காட்டியதில்லை. இதைத்தான் நான் அப்போது யோசிக்காமல் போனேன். அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது ஓர் அட்டையை எடுத்து வாயில் வைத்துவிட்டாள். பிடுங்கிக்கொண்டேன். ஆறு வயதில் பீரோவைத் திறந்து ஆல்பத்தைத் தொட்டாள். "அம்மாவோடது, தொடக் கூடாது" என்றேன். பத்து வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் விட்டேன், கையைக் கட்டிக்கொண்டு. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

முந்தைய வருடம் கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் வாசல் தாண்டி வந்து பீரோவின் கீழ்த் தட்டு வரை ஏறிவிட்டது. நான் மருத்துவமனையில் இருந்தேன். தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தபோது ஆல்பத்தின் ஓரங்கள் நனைந்து உப்பியிருந்தன. பதினோரு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது படங்கள் உரிந்து வந்தன. தரையில் துண்டை விரித்து மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாகப் பரப்பினேன். பரப்பிக்கொண்டே அழுதேன். என் நைனா இறந்தபோதுகூட நான் மகள் முன்னால் அழுததில்லை. அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வந்தவளிடம், "நீ தொடாத" என்றேன்.

என் பிறந்த நாள் ஆடியில் வரும். அன்று காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மா, கண்ண மூடிக்கோ."

"பசிக்குதுடி. கை கால் கழுவிக்கினு வரேன்."

"வத்துமா, அதெல்லாம் அப்புறம். மொதல்ல வா. ரெண்டே நிமிஷம்."

என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கண்ணைத் திறந்தேன். கட்டில் முழுக்கப் பளபளவென்று பெரிய பிளாஸ்டிக் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அட்டைகள். முப்பத்தெட்டு தாள்கள். என்னிடம் இருந்த முந்நூற்று நாற்பத்திரண்டு அட்டைகளும் லேமினேஷன் ஆகியிருந்தன.

"என் ஃபிரண்டோட அண்ணன் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காருல்ல, அங்க ரெண்டு நாள் உக்காந்து பண்ணேன். இனிமே எவ்ளோ தண்ணி வந்தாலும் ஒன்னும் ஆவாதுமா. துணியில தொடச்சா போதும்."

அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் தெரியும். அப்போது பார்க்கவில்லை. நான் தாளைக் கையில் எடுத்தேன். சூட்டில் பழைய அட்டைகளின் மெழுகு உருகி நிறம் இழுபட்டிருந்தது. சிலதில் அம்மைக் கொப்புளம் மாதிரி காற்றுக் குமிழ்கள். அந்த இடது கைச் சுழற்பந்து வீச்சாளரின் சிரிப்பு மஞ்சளாகக் கலங்கிப்போயிருந்தது. அட்டை சேர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. லேமினேஷன் செய்த அட்டையைத் திரும்பப் பிரிக்க முடியாது. பசை தாளோடு சேர்ந்துவிடும். விரலால் ஓரத்தை உணர முடியாது, மோந்து பார்க்க முடியாது, யாரோடும் மாற்றிக்கொள்ளவும் முடியாது. எரிந்துபோனதற்கும் அதற்கும் எனக்கு அந்த நிமிடம் வித்தியாசம் தெரியவில்லை.

அறைந்தேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோடு போய் நின்றாள்.

"உன்ன யாருடி தொடச் சொன்னது? யாரு தொடச் சொன்னது?"

"தண்ணில நனையக் கூடாதுன்னுதான்மா..."

"உனக்கு இன்னா தெரியும்? நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்து என்கூட இருந்துதுங்க. உன்னவிட அதுங்கதான்டி என்கூட அதிக நாள் இருந்துச்சி!"

வலித்ததில் அடி இரண்டாவது. இந்தச் சொல்தான் முதல். அதைச் சொல்லி முடித்ததுமே திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று புரிந்தது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தாள்களை அள்ளி பீரோவுக்குள் தள்ளிவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாயங்காலம் கணவர் வந்தார். சமையலறை மேடையில் அவள் வாங்கி வைத்திருந்த கேக் டப்பா பிரிக்காமல் இருந்தது. விஷயத்தைக் கேட்ட பிறகும் அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை.

"நல்லதுக்குத்தானமே செஞ்சிருக்கா? ரேஷன் கார்டுக்கே லேமினேஷன் போட்டுதான வெச்சிக்கினு இருக்கோம். எத்தினி வருசமாச்சி, ஒரு கிழிசல் உண்டா?"

"ரேஷன் கார்டும் இதுவும் ஒன்னா?"

"எனக்குத் தெரில. அந்தப் புள்ள மத்தியானத்துல இருந்து ஒன்னும் துன்னல. அது தெரிது."

அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வாள். தானாக ஒரு வார்த்தை இல்லை. சித்தூர் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். விடுதி அறையில் நான் அவள் கட்டிலில் விரிப்பைப் போட்டு மடித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி மூலைகளை இழுத்துச் செருகினேன். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் அவள் அதை உருவி வேறு மாதிரி போட்டிருந்தாள். கிளம்பும்போது, "போய்ட்டு வாங்கப்பா" என்றாள். வார்டன் என்னிடம் தெலுங்கில், "முதல் வாரம் இப்படித்தான் இருப்பாங்க, பழகிடும்" என்று ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அட்டைகளைப் பிரிக்க ஏதாவது வழி இருக்குமா என்று மட்டும் என் மனசு சுற்றிக்கொண்டிருந்தது. பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவளையும் சேர்த்துத்தான். குழுவில் பலமனேர்க்காரர் ஒருவர் இருந்தார். தக்காளி மண்டியில் வேலை, பழைய அட்டைகளைச் சுத்தம் செய்வதில் கைதேர்ந்தவர். அவருக்கு போன் செய்தேன்.

"அண்ணா, சொல்லுங்கண்ணா" என்றார். என் குரலைக் கேட்டதும் தடுமாறினார். பிறகு, "மேடம்ங்களா? ரெண்டு வருசமா உங்கள அண்ணா அண்ணான்னு கூப்ட்டுக்கினு இருக்கேனே!" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

மண்டிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில், அவர் மனைவி எனக்குக் காபி கொடுத்தார். தாள்களைப் பார்த்ததும் பலமனேர்க்காரரின் முகம் சுருங்கியது.

"அய்யய்யோ. யாருங்க இப்டி பண்ணது?"

"ஜெராக்ஸ் கடையில" என்றேன்.

"அவன் கைய ஒடிக்கணும் மேடம். ஒரு வார்த்த கேட்டிருக்க வேணாம்? அறிவு கெட்டவன்."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் இரண்டு வசவு சொன்னார். அவர் திட்டத் திட்ட என் கன்னம் எரிந்தது.

"என் பொண்ணு பண்ணா" என்றேன். "எனக்குப் பொறந்த நாளுக்கு."

அவர் தாளை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் மனைவிதான், "பாவம் புள்ள" என்றார்.

ஒரு தாளின் மூலையில் இருந்த சாதாரண அட்டையைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் வெட்டி எடுத்துச் சோதனை செய்யச் சம்மதித்தேன். மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்தார். பிளேடால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக இழுத்தார். பிளாஸ்டிக் வந்தது. அதோடு மட்டையாளரின் முகம், தோள், மட்டை எல்லாம் வந்தன. கீழே வெள்ளை அட்டை மட்டும் மிஞ்சியது.

"வேணாங்க. இது வராது. உட்ருங்க."

பிறகு அவர் மற்றத் தாள்களைப் புரட்டினார். சும்மா ஒரு மரியாதைக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நான்கைந்து தாள் தாண்டியதும் நின்றார்.

"இது எந்த வரிசைங்க? டீம் வாரியும் இல்ல, வருசம் வாரியும் இல்ல. ஆனா கலச்சிப் போட்ட மாரியும் தெரில."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் தாளில் முதல் அட்டை அந்த இடது கைச் சுழற்பந்து வீச்சாளர். அடுத்தது நர்ஸிங் விடுதியில் கிடைத்தது. அதற்கடுத்தது சித்தூர் பஸ் ஸ்டாண்டில். அடுத்தடுத்து என் வரிசைதான். முந்நூற்று நாற்பத்திரண்டிலும் ஒன்றுகூட மாறவில்லை. மழையில் நனைந்த பிறகு நான் ஆல்பத்தில் அவற்றை ஒழுங்கில்லாமல் செருகி வைத்திருந்தேன். அவள் என் நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் படித்து, ஒவ்வோர் அட்டையையும் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டு நாள் கடையில் உட்கார்ந்தேன் என்றாளே, அதற்கு முன் எத்தனை நாள் வீட்டில் உட்கார்ந்தாளோ. எனக்குத் தெரியாமல், என் ஷிஃப்ட் நேரங்களில்.

"வந்த வரிசை" என்றேன் அவரிடம். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. தன்னிடம் இரட்டையாக இருந்த பழைய அட்டைகள் இருபதை ஒரு கவரில் போட்டு நீட்டினார். "இதுலர்ந்து மறுபடி தொடங்குங்க" என்றார். நான் வாங்கவில்லை. அவர் நல்ல மனதோடு கொடுத்ததுதான். ஆனால் என்னால் முடியவில்லை.

அங்கிருந்து நேராகத் திருப்பதிக்குப் போகாமல் ஊருக்கு பஸ் ஏறினேன். அம்மா இப்போது தனியாகத்தான் இருக்கிறாள். கண்புரை ஆப்ரேஷன் செய்து ஒரு வருடம் ஆகிறது. சாப்பிடும்போது கேட்டேன்.

"நான் வயசுக்கு வந்தப்போ என் அட்டையெல்லாம் அடுப்புல போட்டியே, ஞாபகம் இருக்குதாமா?"

"எந்த அட்ட?"

"கிரிக்கெட் அட்ட. பையோட போட்டியே."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "நான் ஒன்னியும் கொளுத்தலமே. உனக்குத் தண்ணி ஊத்தனப்போ நான் எவ்ளோ ஆசயா செஞ்சேன். அசலூர்லர்ந்து பூ வாங்கியாந்தேன். அதக் கேளு, சொல்றேன்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. முப்பது வருடமாக நான் சுமந்துகொண்டிருப்பது அவளிடம் ஒரு துளிகூட இல்லை. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். பயம்தான் வந்தது. என் மகளுக்கு நாற்பத்து நான்கு வயதாகும்போது நானும் இப்படிச் சோற்றைப் பிசைந்துகொண்டு, "நான் உன்ன அடிச்சேனா?" என்று கேட்பேனோ என்று.

திரும்பி வந்து மகளுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. "கிளாஸ்ல இருக்கேன்" என்று செய்தி வந்தது. மறுநாளும் கிளாஸ். அதற்கடுத்த நாளும். அப்பாவின் போனில் பேசுவாள். அவர் பேசி முடித்ததும் என்னிடம் நீட்டுவார், நான் காதில் வைப்பதற்குள் "சரிப்பா, வெக்கறேன்" என்று துண்டித்துவிடுவாள். தீபாவளிக்கு இரண்டு நாள் வந்தாள், தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு. தோழி முன்னால் என்னோடு நன்றாகவே பேசினாள். அது அவள் பேசாமல் இருந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

சங்கராந்திக்குத் தனியாக வந்தாள். போகிக்கு மறுநாள் காலை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்த மேலே வந்தாள். நான் கையில் இருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பபிள்கம், வீட்டுப்பாடம், பாய்க்கு அடியில் பை, மூன்று கல் அடுப்பு, அம்மா கன்னத்தில் விட்ட அறை. இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. அவள் முடியைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

"அது ஆயா பண்ணது. நான் இன்னா பண்ணேன்?"

"நீ ஒன்னும் பண்ணல."

"அப்புறம் ஏன் என்ன அடிச்ச?"

"தப்புதான். பெரிய தப்பு. உங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவள் முடியை முன்னால் இழுத்து உதறினாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடிச்சதுகூட பர்வாலேதுமா, போவட்டும். என்னவிட அதுங்கதான் உங்கூட அதிக நாள் இருந்துச்சின்னு சொன்னியே. அது நெஜமா?"

சமாதானத்துக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் அதை நம்பியிருக்க மாட்டாள்.

"நாள் கணக்குப் பாத்தா நெஜம். மத்தபடி இல்ல."

"மத்தபடின்னா?"

"உன்ன வெச்சி அதுங்கள நான் ஒருநாளும் தராசுல போட்டதில்ல. அன்னிக்கு வாய்ல வந்துருச்சி. ஏன் வந்துச்சின்னு எனக்கே தெரில."

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீ அதுங்ககூட இருக்கும்போது வேற மாரி இருப்ப. நான் கதவாண்ட நின்னு பாத்துக்கினே இருப்பேன். கூப்புடுவன்னு. சின்ன வயசுல இருந்து. நீ கூப்ட்டதே இல்ல."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் வாளியிலிருந்து துணியை எடுத்து உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள். மிச்சத் துணிகளை இருவரும் சேர்ந்து காயப்போட்டோம். அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, இன்றுவரை. நானும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் பீரோவிலிருந்து தாள்களை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "நீ பாரு" என்றேன். நாலைந்து தாளைப் புரட்டினாள். "கலர் கெட்டுப்போச்சில்ல" என்றாள் மெல்லிய குரலில். "ஆமா" என்றேன். இல்லை என்ற சொல் வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு மூடி வைத்துவிட்டாள். அவளுக்கு ஆசை இருந்த காலத்தில் நான் காட்டவில்லை. இப்போது அவள் பார்த்தது எனக்காக.

அதற்குப் பிறகு பல மாதம் நான் அட்டை எதுவும் வாங்கவில்லை. குழுவில் வரும் படங்களைக்கூடத் திறக்கவில்லை. கோடையில் ஒருநாள், மருத்துவமனைக்குப் பேனா வாங்கப் போன ஸ்டேஷனரி கடையில் புதிய அட்டைப் பாக்கெட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. உறையின் மேல் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். பெண்கள் அணிகளின் அட்டைகள். இத்தனை வருடத்தில் நான் சேர்த்த முந்நூற்று நாற்பத்திரண்டு பேரில் ஒரு பெண்கூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்றை நான் பிரித்தேன். மற்றதை, அடுத்த ஞாயிறு சித்தூருக்குப் போனபோது மகளிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிரிக்கவில்லை.

இப்போது என் போனை எடுக்கிறாள். வாரத்துக்கு இரண்டு முறை பேசுகிறோம். பெரும்பாலும் விடுதிச் சாப்பாடு, பரீட்சை, என் முழங்கால் வலி. பேச்சு ஓர் இடத்துக்கு வரும்போது இருவருமே கவனமாக வேறு பக்கம் திரும்பிவிடுகிறோம். போன வாரம் அவளாகவே சொன்னாள்.

"மா, அந்தப் பாக்கெட்ட பிரிச்சேன்."

"யாரு யாரு வந்தாங்க?"

"ஏழு பேரு. ஒரு பௌலர் செமயா இருந்தா, விக்கெட் எடுத்துட்டு கத்தற போட்டோ. அத நான் வெச்சிக்கினேன். மத்தது ரூம்ல இருக்கறவங்களுக்கு ஆளுக்கொன்னு குடுத்துட்டேன்."

கொடுத்துவிட்டாளா? புது பாக்கெட், முதல் அட்டைகள், அதை யாராவது கொடுப்பார்களா? நோட்டில்கூட எழுதாமல்? திரும்ப வாங்கிவிடு என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பக்கம் அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்ப்பதற்காகவே சொன்னாளோ என்னவோ.

"அவங்களுக்குப் புடிச்சிதா?" என்று கேட்டேன்.

"ம். செவுத்துல ஒட்டி வெச்சிருக்காங்க" என்றாள். "பசை போட்டு."

"சரி" என்றேன்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தப் பசையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.